பம்பாய் கப்பல் கட்டுந்தளம்

பம்பாய் கப்பல் கட்டுந்தளம் என்பது, இந்தியாவின் மேற்குக் கரையில் மும்பைத் தீவின் தென்கிழக்குக் கரையோரம் கிழக்கிந்தியக் கம்பனியால் 18ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட கப்பல் கட்டும் மற்றும் பழுதுபார்க்கும் தொழிலகமாகும். 1736ஆம் ஆண்டில் சூரத்து நகரிலிருந்து வந்த பார்சி இனத் தச்சரான லோவ்ஜி நசர்வான்ஜி வாடியாவும் அவருடைய வழித்தோன்றல்களும் ஏறத்தாழ 150 ஆண்டுகள் இங்கு தலைமைக் கட்டுநர்களாகப் பணியாற்றினர். 1750ஆம் ஆண்டில் இங்கு கட்டி முடிக்கப்பட்ட உலர்துறை, ஆசியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் உலர்துறையாகக் கருதப்படுகிறது. இத்தளத்தில் 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றான 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது.

மரக்கலங்களின் காலத்தில் தொடங்கி நீராவிக் காலத்தில் நுழைந்த தொழிலகம் என்பதால், இதன் அமைப்பையும் கருவிகளையும் அறிவது தொழிற்புரட்சிக் காலத்துத் தொழில்நுட்பத்தை விளங்கிக்கொள்ள உதவும். உயர்ந்த கைத்திறன் பெற்றிருந்த ஒரு தொழில், மூலப்பொருளும் ஆற்றலும் மாறியபோது எவ்வாறு பின்தங்கியது என்பதற்கும் இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

உலர்துறை என்பது யாது?

கப்பலின் அடிப்பகுதி எப்பொழுதும் நீருக்குள் இருப்பதால், அதனைத் தூய்மை செய்யவும் பழுதுபார்க்கவும் கப்பலை நீரிலிருந்து வெளிக்கொணர வேண்டும். கடற்பாசியும் கொட்டலசுகளும் அடிப்பகுதியில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைக்கும். வெப்பக் கடல்களில் வாழும் கப்பற்புழு மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும்.

உலர்துறைகள் இல்லாத இடங்களில், கப்பலைக் கரையோரத்தில் நிறுத்தி, பாய்மரத்தில் வடங்களைக் கட்டி ஒரு பக்கமாகச் சாய்த்து, நீருக்கு மேல் வந்த பகுதியைச் சீர்செய்வர். பின்னர் மறுபக்கம் சாய்ப்பர். இம்முறையில் பீரங்கிகளையும் சரக்கையும் முழுவதும் இறக்க வேண்டும். சாய்க்கும்போது கப்பலின் மரச்சட்டம் முறுக்குண்டு சேதமடைவதும் உண்டு. பெரிய கப்பல்களுக்கு இது மிகவும் இடர் நிறைந்த முறையாகும்.

உலர்துறை இச்சிக்கலைத் தீர்க்கிறது. கரையைக் குடைந்து, கல்லால் கட்டப்பட்ட நீண்ட தொட்டி ஒன்று அமைக்கப்படும். அதன் ஒரு முனை கடலை நோக்கித் திறந்திருக்கும். அம்முனையில் கதவு பொருத்தப்படும். நீர் உயர்ந்திருக்கும்போது கப்பல் உள்ளே மிதந்து வரும். பின்னர் கதவு மூடப்பட்டு நீர் வெளியேற்றப்படும். கப்பல் தொட்டியின் நடுவே வரிசையாக வைக்கப்பட்ட மரக்கட்டைகளின் மீது மெல்ல அமரும். ஏரியின் மதகு நீரை உள்ளே தேக்கி வைக்கப் பயன்படுகிறது. உலர்துறையின் கதவோ நீரை வெளியே நிறுத்தி வைக்கப் பயன்படுகிறது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரில் 1495ஆம் ஆண்டில் ஏழாம் ஹென்றி மன்னர் காலத்தில் ஓர் உலர்துறை அமைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் இத்தொழில்நுட்பம் பம்பாயை அடைந்தது.

அமைவிடத்தின் சிறப்பு

பம்பாய் தெரிவு செய்யப்பட்டதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இயற்கைத் துறைமுகம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே அமைந்த அகன்ற நீர்ப்பரப்பு தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றத்திலிருந்து கப்பல்களைப் பாதுகாத்தது.

இரண்டாவது, ஓதம். கடல்நீர் நாள்தோறும் இருமுறை உயர்ந்து தாழ்வதே ஓதம் எனப்படும். பௌர்ணமி, அமாவாசை நாட்களையொட்டி இந்த ஏற்றத்தாழ்வு மிகுதியாக இருக்கும். அந்நாட்களில் மும்பையில் நீர்மட்டம் சுமார் 4 முதல் 5 மீட்டர் வரை வேறுபடும். சென்னையில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே. ஆற்றல்மிக்க நீரேற்றிகள் இல்லாத காலத்தில், பெரிய தொட்டியிலுள்ள நீரை வெளியேற்றுவதற்குக் கடலின் இறக்கமே பெருந்துணையாக இருந்தது. சோழமண்டலக் கரையில் இத்தகைய உலர்துறைகள் அக்காலத்தில் எழாமைக்கு, இயற்கைத் துறைமுகங்கள் குறைவாக இருந்ததுடன் சிறிய ஓதமும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, தேக்கு. மலபார்க் காடுகளில் வெட்டப்பட்ட தேக்கு மரங்களைக் கடல் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவருவது எளிதாக இருந்தது.

வரலாறு

பம்பாய்த் தீவு 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின் வழியாகப் போர்த்துக்கேயரிடமிருந்து ஆங்கில மன்னருக்கும், 1668இல் மன்னரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பனிக்கும் கைமாறியது. அக்காலத்தில் மேற்குக் கரையின் முதன்மையான கப்பல் கட்டும் இடம் சூரத்து ஆகும். 1735இல் கம்பனிக்காகக் கப்பல் ஒன்றைக் கட்டுவிக்கச் சூரத்துக்குச் சென்ற டட்லி என்னும் அலுவலர், அங்கு பணியாற்றிய லோவ்ஜி நசர்வான்ஜியின் திறமையைக் கண்டார். அவரைப் பம்பாய்க்கு வருமாறு அழைத்தார். 1736இல் லோவ்ஜி ஒரு சிறு தச்சர் குழுவுடன் பம்பாயில் குடியேறினார். 'வாடியா' என்னும் குடும்பப் பெயர் கப்பல் கட்டுபவரைக் குறிக்கும் குசராத்திச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

1750இல் முதல் உலர்துறை முடிக்கப்பட்டது. 1762இல் இரண்டாவதும் 1765இல் மூன்றாவதும் அதனுடன் சேர்க்கப்பட்டன. இம்மூன்றும் சேர்ந்தே 'பம்பாய்த் துறை' எனப்பட்டன. லோவ்ஜி 1774இல் காலமானார். அவருக்குப் பின் அவருடைய மக்களான மானெக்ஜியும் பொமன்ஜியும், அவர்களுக்குப் பின் பேரர்களான பிராம்ஜி மானெக்ஜியும் ஜம்செட்ஜி பொமன்ஜியும் பொறுப்பேற்றனர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியா நெப்போலியனுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. அந்நாட்டில் கப்பலுக்கேற்ற ஓக் மரம் அருகிவிட்டது. அரச கடற்படை இந்தியத் தேக்கை நாடியது. பெரிய போர்க்கப்பல்களைக் கட்டுவதற்குப் பழைய துறைகள் போதவில்லை. எனவே 1807க்கும் 1810க்கும் இடையில் புதிய உலர்துறை அமைக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஜொனாதன் டங்கனின் பெயரால் அது 'டங்கன் துறை' எனப்பட்டது.

துறைகளின் வடிவமைப்பு

பம்பாய்த் துறையின் மூன்று தொட்டிகளும் பக்கம் பக்கமாக அமையாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தன. அவற்றின் அளவுகள் வருமாறு:

- மேல்துறை: நீளம் 209 அடி, அகலம் 47 அடி, ஆழம் 15 அடி
- நடுத்துறை: நீளம் 183 அடி, அகலம் 51 அடி, ஆழம் 20 அடி
- கீழ்த்துறை: நீளம் 256 அடி, அகலம் 51 அடி, ஆழம் 20 அடி

மொத்த நீளம் 648 அடி, அதாவது ஏறத்தாழ 197 மீட்டர் ஆகும். கடலுக்கு அருகிலிருப்பது கீழ்த்துறை. கரையின் உட்புறத்தில் இருப்பது மேல்துறை.

இவ்வமைப்பினால் கடலோரத்தில் ஒரே ஒரு வாயிலுக்கு மட்டும் இடம் போதுமானதாக இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று கப்பல்களில் வேலை செய்யவும் முடிந்தது. ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. மேல்துறையிலுள்ள கப்பல் வெளியேற வேண்டுமெனில், நடுத்துறையிலும் கீழ்த்துறையிலும் கப்பல்கள் இருத்தல் கூடாது. ஆகவே, நெடுநாள் வேலை உள்ள கப்பலை உள்ளேயும், விரைவில் முடியக்கூடியதை வெளியேயும் நிறுத்துவதே பொருத்தமான முறையாகும். எந்தக் கப்பல் எந்த ஓதத்தில் நுழையும், எந்த ஓதத்தில் வெளியேறும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது.

டங்கன் துறை இரண்டு தொட்டிகளைக் கொண்டது. அதன் அகலம் 63 அடி, ஆழம் 23 அடி ஆகும். மேல் தொட்டியின் நீளம் 286 அடி. 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 48 அடி. பழைய மேல்துறையின் அகலமோ 47 அடி. நடுத்துறையிலும் கீழ்த்துறையிலும்கூட இருபுறமும் ஓரிரு அடி இடைவெளியே எஞ்சும். தச்சர்கள் நின்று வேலை செய்யவும் முட்டுக்கால்களைப் பொருத்தவும் அது போதாது. புதிய துறை ஏன் தேவைப்பட்டது என்பதை இவ்வளவுகளே விளக்குகின்றன.

உலர்துறையின் பக்கச் சுவர்கள் செங்குத்தாக அமையாமல் படிக்கட்டுகள் போல அமைவது வழக்கம். இப்படிகள் பல வகைகளில் பயன்படுகின்றன. கப்பலின் பக்கங்களைத் தாங்கும் மர முட்டுக்கால்களின் ஒரு முனை படிகளில் ஊன்றப்படும். தொழிலாளர் வெவ்வேறு உயரங்களில் நின்று வேலை செய்வதற்கும், மரங்களையும் கருவிகளையும் இறக்கி வைப்பதற்கும் அவை தளங்களாகும். மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால் கப்பலின் வயிற்றுப் பகுதியின் வடிவத்துக்கும் இது ஒத்துப்போகிறது. வெளியேற்ற வேண்டிய நீரின் அளவும் குறைகிறது.

கதவும் நீரகற்றலும்

உலர்துறையின் மிக முதன்மையான உறுப்பு கதவாகும். பொதுவாக இரட்டைக் கதவுகள் பயன்படுத்தப்பட்டன. இவை மூடும்போது ஒரே கோட்டில் நேராக நிற்காமல், கடலை நோக்கிச் சற்றே கூம்பிய கோணத்தில் ஒன்றோடொன்று பொருந்தும். வெளியிலுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவுக்குக் கதவுகள் ஒன்றையொன்று இறுக நெருக்கும். இவ்வாறு நீரின் அழுத்தமே நீர்க்கசிவைத் தடுக்கிறது.

கதவின் அடியில் கல்லால் ஆன வாசற்படி ஒன்று இருக்கும். உயர் ஓதத்தின்போது இந்த வாசற்படிக்கு மேல் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதே, எவ்வளவு ஆழம் அமிழும் கப்பல் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும். எனவே பெரிய கப்பல்கள் நுழைவதும் வெளியேறுவதும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே எளிதாகும்.

நீரகற்றல் இரு கட்டங்களாக நிகழும். முதலில், ஓதம் இறங்கும்போது உள்ளிருக்கும் நீர் மதகுகளின் வழியாகத் தானே கடலுக்கு வடியும். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்ததும் மதகுகள் அடைக்கப்படும். பின்னர், எஞ்சிய நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன்னர் இவ்விறைப்பு மனித ஆற்றலாலோ விலங்குகளின் ஆற்றலாலோ நடைபெற்றது. மாடு பூட்டிக் கவலை இறைக்கும் உழவர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று.

இங்கிலாந்தில் இத்துறையில் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தவர் சாமுவேல் பெந்தாம் ஆவார். போர்ட்ஸ்மத் கப்பல் கட்டுந்தளத்தில் 1790களின் இறுதியில் அவர் நீராவிப் பொறியை நிறுவி நீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் பயன்படுத்தினார். மிதக்கும் பெட்டி வடிவக் கதவையும் அங்கு அறிமுகப்படுத்தினார். நீரை நிரப்பினால் இக்கதவு வாயிலில் அமிழ்ந்து அடைத்துக்கொள்ளும். நீரை இறைத்துவிட்டால் மிதந்து விலகும். இன்றைய உலர்துறைகள் பலவற்றில் இம்முறையே உள்ளது. நீராவி நீரேற்றிகள் வந்தபின் உலர்துறையின் ஆழம் ஓதத்தின் அளவுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டிய தேவை நீங்கியது.

பணிமனைகளும் கருவிகளும்

உலர்துறை ஒரு கப்பல் கட்டுந்தளத்தின் நடுவண் உறுப்பாயினும், அதனைச் சுற்றிப் பல பணிமனைகள் இயங்கினால்தான் கப்பல் உருவாகும். அக்காலக் கப்பல் கட்டுந்தளம் ஒன்றில் பின்வரும் பிரிவுகள் இருந்தன.

மரக்கிடங்கு: வெட்டிய மரம் ஈரம் நீங்கிப் பதமாவதற்கு நீண்ட காலம் ஆகும். எனவே தளத்தின் பெரும்பகுதி மரக்கிடங்காகவே இருக்கும். இயற்கையாகவே வளைந்த மரங்கள் கப்பலின் வங்குக்கால்களுக்கு மிகவும் வேண்டப்பட்டன. பாய்மரங்களுக்கான நெடுமரங்கள் வெடிக்காமலிருக்க நீரில் ஊறவைக்கப்பட்டன.

வரைதளம்: அகன்ற சமதளம் கொண்ட இக்கூடத்தின் தரையில் கப்பலின் உறுப்புகள் உண்மை அளவிலேயே வரையப்படும். அவ்வரைவுகளைக் கொண்டு மெல்லிய பலகைகளில் அச்சுகள் வெட்டப்படும். தச்சர் அவ்வச்சுகளை மரத்தின் மீது வைத்து உறுப்புகளைச் செதுக்குவர்.

அறுப்புக்குழி: நீராவி அரம் வருவதற்கு முன்னர், மரத்தைக் குழியின் மீது கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் குழிக்குள்ளும் நின்று நெடுவாளால் அறுத்தனர். வாய்ச்சி, உளி, கொட்டாப்புளி, துரப்பணம் ஆகியவை தச்சரின் முதன்மையான கைக்கருவிகள்.

நீராவிப் பெட்டி: தடித்த பலகைகளைக் கப்பலின் வளைவுக்கேற்ப வளைப்பதற்கு, அவற்றை நீண்ட பெட்டியினுள் வைத்து நீராவி செலுத்துவர். சூட்டில் இளகிய பலகையை விரைந்து எடுத்து வங்குக்கால்களில் வளைத்துப் பொருத்துவர்.

கொல்லுலை: ஆணிகள், தாழ்கள், பட்டைகள், நங்கூரங்கள் ஆகியவை இங்கு உருவாயின. பெரிய நங்கூரத்தின் கைகளைத் தண்டுடன் காய்ச்சிப் பொருத்துவது மிகுந்த திறன் வேண்டிய வேலையாகும்.

கயிறு முறுக்கும் இடம்: நீண்ட வடத்தை இடைமுறிவின்றி முறுக்குவதற்கு, அவ்வடத்தைவிட நீளமான நேரான இடம் தேவை. மும்பையின் கோட்டைப் பகுதியில் 'ரோப்வாக் லேன்' என்னும் பெயரில் ஒரு தெரு இன்றும் உள்ளது. அங்கு கயிறு முறுக்கப்பட்டதை அப்பெயர் நினைவூட்டுகிறது.

பாய் தைக்கும் கூடம்: பாய்த்துணிகளை விரித்து வெட்டித் தைப்பதற்கு அகன்ற கூடம் இருந்தது.

பாரந்தூக்கி: இரண்டு நெடுமரங்களை மேல்முனையில் பிணைத்துச் சாய்வாக நிறுத்தி, கப்பிகளும் வடங்களும் பொருத்திப் பாய்மரங்களைத் தூக்கி நிறுத்தினர். வடத்தை இழுப்பதற்குப் பலர் சேர்ந்து சுற்றும் உருளை பயன்பட்டது.

இவ்வகைப் பணிகளுள் முதலில் இயந்திரமயமானவற்றில் ஒன்று கப்பி செய்தல் ஆகும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. மார்க் பிரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்சுலி உருவாக்கிய இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் போர்ட்ஸ்மத்தில் நிறுவப்பட்டன. ஒரே பொருளைப் பெருந்தொகையில் இயந்திரங்களால் உற்பத்தி செய்த தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று. பம்பாயிலோ அக்காலத்தில் வேலைகள் பெரும்பாலும் கைத்திறனைச் சார்ந்தே நடந்தன.

கட்டும் முறை

கப்பல் கட்டுதல் ஏரா எனப்படும் அடிமரத்தை இடுவதில் தொடங்கும். பம்பாயில் ஏராவில் வெள்ளி ஆணி ஒன்றை அறைவது பார்சிக் கட்டுநர்களின் சடங்காக இருந்தது. ஏராவின் முன்முனையில் அணிய மரமும் பின்முனையில் அமர மரமும் நிறுத்தப்படும். பின்னர் வங்குக்கால்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டு, அவற்றின் மீது பலகைகள் அறையப்படும்.

ஐரோப்பியக் கப்பல்களில் பலகைகளின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். இடைவெளியில் நார்த்துரும்பைத் திணித்துத் தார் பூசுவர். இது கலப்பற்று எனப்படும். சூரத்து, பம்பாய்த் தச்சர்களோ பலகைகளின் விளிம்புகளில் வெட்டுவாய் அமைத்து ஒன்றுடன் ஒன்று கவ்வுமாறு பொருத்தும் முறையைக் கையாண்டனர். இடையில் பஞ்சும் குங்கிலியக் குழம்பும் வைக்கப்பட்டன. இதனால் நீர்க்கசிவு மிகவும் குறைந்தது.

தேக்கு மரத்திலுள்ள எண்ணெய் இரும்பு ஆணிகள் துருப்பிடிக்காமல் காக்கும். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலமோ இரும்பை அரிக்கும். பம்பாய்க் கப்பல்கள் நீண்ட ஆயுள் பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கப்பற்புழுவிலிருந்து பாதுகாக்க, நீரில் அமிழும் பகுதியின் மீது செப்புத் தகடுகள் பொதியப்பட்டன.

சாய்தளத்தில் கட்டப்பட்ட கப்பல் கடலுக்குள் சறுக்கி இறங்கும்போது அதன் சட்டத்தின் மீது பெரும் தகைவு ஏற்படும். உலர்துறைக்குள் கட்டப்படும் கப்பலுக்கு அவ்விடர் இல்லை. நீரை உள்ளே விட்டவுடன் அது தானே மிதந்தெழும்.

குறிப்பிடத்தக்க கப்பல்கள்

- சல்செட் (1805): அரச கடற்படைக்காகப் பம்பாயில் கட்டப்பட்ட 36 பீரங்கிக் கப்பல்.
- மிண்டன் (1810): 74 பீரங்கிகள் கொண்டது. டங்கன் துறையில் ஜம்செட்ஜி பொமன்ஜியின் தலைமையில் உருவாகியது. பிரித்தானியாவுக்கு வெளியே அரச கடற்படைக்கெனக் கட்டப்பட்ட முதல் பெரும் அணிவரிசைப் போர்க்கப்பலாகக் குறிப்பிடப்படுகிறது.
- கார்ன்வாலிஸ் (1813): 1842ஆம் ஆண்டு ஆகத்து 29ஆம் நாள், முதல் அபினிப் போரை முடிவுக்குக் கொணர்ந்த நான்கிங் உடன்படிக்கை இக்கப்பலில் கையெழுத்தானது.
- வெல்லஸ்லி (1815): 1940இல் தேம்சு ஆற்றில் செருமானிய விமானத் தாக்குதலில் மூழ்கும்வரை, 125 ஆண்டுகள் நிலைத்திருந்தது.
- திருகோணமலை (1817): 1816 மே மாதத்தில் ஏரா இடப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்டது. இதற்கென முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள், அவற்றை ஏற்றி வந்த 'சாவா' என்னும் கப்பலை 1812இல் அமெரிக்கர் தாக்கி வென்றபோது அழிந்தன. எனவே புதிய படிகள் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. இலங்கையின் தமிழ்த் துறைமுக நகரின் பெயரைத் தாங்கிய இக்கப்பல், இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் நகரில் பாதுகாக்கப்படுகிறது.
- கங்கை (1821): 84 பீரங்கிகள் கொண்டது. பின்னாளில் நெடுங்காலம் பயிற்சிக் கப்பலாகப் பயன்பட்டது.
- ஆசியா (1824): 1827இல் நடந்த நவரினோ கடற்போரில் தளபதி காட்ரிங்டனின் தலைமைக் கப்பலாக விளங்கியது.

காடும் மரமும்

ஒரு பெரும் போர்க்கப்பலுக்கு ஆயிரக்கணக்கான முதிர்ந்த மரங்கள் தேவைப்பட்டன. கடற்படைக்கான தேக்கை உறுதிசெய்ய, கம்பனி 1806இல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபாரில் காடுகளின் காப்பாளராக நியமித்தது. தேக்கின் மீது அரசின் தனியுரிமை நிறுவப்பட்டது. தம் நிலத்திலுள்ள மரத்தைக்கூட வெட்ட முடியாத நிலையால் நில உடைமையாளரும் குடிகளும் வணிகரும் வெறுப்புற்றனர். சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1823இல் இவ்வேற்பாட்டை நீக்கினார். அதன்பின் காடுகள் கட்டுப்பாடின்றி வெட்டப்பட்டன.

தேக்கு முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். மரம் தீர்ந்துவருவதை உணர்ந்த மலபார் ஆட்சியர் கனோலி, 1840களில் நிலம்பூரில் தேக்கு நட ஏற்பாடு செய்தார். சாத்து மேனன் என்னும் அலுவலர் இப்பணியை முன்னின்று நடத்தினார். உலகின் பழைமையான தேக்குத் தோட்டங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஆயினும் அத்தோட்டத்து மரங்கள் முதிர்வதற்குள் மரக்கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது.

நீராவியின் வருகை

1829இல் 'ஹியூ லிண்ட்சே' என்னும் நீராவிக் கப்பல் பம்பாயில் கட்டப்பட்டது. அது 1830 மார்ச்சு மாதத்தில் பம்பாயிலிருந்து புறப்பட்டுச் செங்கடல் வழியாகச் சூயசை அடைந்தது. உடல் தேக்கால் ஆனது. பொறிகளோ இங்கிலாந்திலிருந்து வந்தவை.

வாடியா குடும்பத்தினர் இம்மாற்றத்தின் பொருளை விரைவில் உணர்ந்தனர். ஜகாங்கீர் நவ்ரோஜியும் கிர்ஜிபாய் மெர்வான்ஜியும் 1838இல் இங்கிலாந்து சென்று சாத்தம் கப்பல் கட்டுந்தளத்தில் பயின்றனர். தம் அனுபவங்களை 1841இல் நூலாகவும் வெளியிட்டனர். அவர்களுடைய உறவினரான அர்தசீர் கர்செட்ஜி (1808–1877) நீராவிப் பொறியியலில் ஈடுபட்டார். 1834இல் தம் இல்லத்தில் வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டினார். 1841இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பின்னர் பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளரானார்.

1854இல் கட்டப்பட்ட 'பஞ்சாப்' என்னும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல், பின்னர் இங்கிலாந்தில் விற்கப்பட்டுப் பொறிகள் நீக்கப்பட்டு, 'ட்வீட்' என்னும் பெயரில் பாய்க்கப்பலாக மாறியது. புகழ்பெற்ற 'கட்டி சார்க்' கப்பலின் வடிவத்துக்கு இதன் உடலமைப்பு தூண்டுதலாக இருந்ததாகக் கூறப்படுகிறது.

இரும்பும் சேலமும்

கப்பல் கட்டும் தொழில் மரத்திலிருந்து இரும்புக்கு மாறிய அதே பத்தாண்டுகளில், தமிழகத்தில் புதிய முறை இரும்புத் தொழில் ஒன்று முயன்று பார்க்கப்பட்டது. சேலம் கஞ்சமலை, இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பகுதி ஆகியவற்றில் காந்த இரும்புத் தாது மிகுதியாக உள்ளது. இவ்வட்டாரத்துக் கொல்லர்கள் சிறு மண்ணுலைகளில் இரும்பு உருக்கினர். அவ்விரும்பை மண்குகைகளில் ஆவாரங்குச்சியுடன் வைத்து மூடிக் காய்ச்சி, உயர்ந்த எஃகு செய்தனர்.

சேலத்தில் கம்பனி அலுவலராக இருந்த யோசையா மார்சல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை ஊதுலைகளை நிறுவினார். சேலத்துத் தாதுவே அவற்றின் அடிப்படை. அங்கு உருவான இரும்பு இங்கிலாந்துக்கும் ஏற்றுமதியாயிற்று. வேல்சு நாட்டின் பிரித்தானியா பாலத்திலும் அது பயன்பட்டதாகக் குறிப்பிடப்படுகிறது. எனினும் ஊதுலைகளுக்கு மரக்கரியே எரிபொருள். அருகிலிருந்த காடுகள் கரியாகித் தீரத் தீர, கரியை மேலும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. நிலக்கரியால் மலிவாக உருக்கப்பட்ட ஆங்கிலேய இரும்புடன் போட்டியிட முடியவில்லை. 1860களில் இவ்வுலைகள் நின்றுபோயின.

பம்பாயில் தேக்கும் பரங்கிப்பேட்டையில் கரியும் காட்டையே நம்பியிருந்தன. காடு வளரும் வேகத்தைவிடத் தேவை வளர்ந்த வேகம் மிகுதி. இரும்புத் தாது, நிலக்கரி, பொறி உற்பத்தி ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த பிரித்தானியாவின் கிளைடு, டைன் ஆற்றங்கரைகளுக்குக் கப்பல் கட்டும் தொழில் நகர்ந்ததன் காரணத்தை இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து விளக்குகின்றன.

சரிவு

தொழில்நுட்பம் மட்டுமே சரிவுக்குக் காரணம் அன்று. இந்தியாவில் கட்டப்பட்ட கப்பல்கள் தேம்சு ஆற்றில் வந்து நின்றதை இலண்டன் கப்பல் கட்டுநர்கள் கடுமையாக எதிர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டங்கள், இந்திய மாலுமிகளைப் பிரித்தானிய மாலுமிகளாகக் கணக்கிடவில்லை. இதனால் இந்திய மாலுமிகளைக் கொண்டு இயங்கும் கப்பல்களுக்கு இலண்டன் வணிகத்தில் தடைகள் எழுந்தன.

1860இல் இங்கிலாந்தில் இரும்பு உடல் கொண்ட 'வாரியர்' என்னும் போர்க்கப்பல் கடலில் இறக்கப்பட்டது. 1863இல் கம்பனி வழிவந்த இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டதால் பம்பாய்த் தளம் தன் முதன்மையான வாடிக்கையை இழந்தது. 1869இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்களின் ஆதிக்கம் முழுமையாயிற்று. கட்டுந்தளம் படிப்படியாகப் பழுதுபார்க்கும் இடமாகச் சுருங்கியது. 1880களில் வாடியா குடும்பத்தின் கடைசித் தலைமைக் கட்டுநர் ஓய்வு பெற்றதுடன், லோவ்ஜியில் தொடங்கிய மரபு முடிவுற்றது.

இன்றைய நிலை

இந்திய விடுதலைக்குப் பின்னர் இத்தளம் இந்தியக் கடற்படையின் பொறுப்பில் வந்தது. மும்பை கடற்படைக் கப்பல் கட்டுந்தளம் என்னும் பெயரில் அது போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்துவருகிறது. 18ஆம் நூற்றாண்டின் பம்பாய்த் துறையும் 19ஆம் நூற்றாண்டின் டங்கன் துறையும் அதன் எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளன. பாதுகாக்கப்பட்ட பகுதி ஆதலால் பொதுமக்கள் அவற்றை எளிதில் காண இயலாது. அங்கு உருவான கப்பலைக் காண விரும்புவோர் ஆர்ட்டில்பூலிலுள்ள 'திருகோணமலை' கப்பலைப் பார்வையிடலாம். 200 ஆண்டுகளுக்கும் மேலாகியும் அதன் உடலின் பெரும்பகுதி மலபார்த் தேக்காகவே உள்ளது.